விஸ்லா வளர்ப்பு: ஓயாத வேட்டை நாய்க்கு ஓய்வையும் கற்றுக்கொடுக்கும் முழுமையான வழிகாட்டி

விஸ்லாவை முதன்முதலாகப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் அதன் நிறத்தில்தான் மயங்குகிறார்கள். தலை முதல் வால் வரை ஒரே செம்பொன் நிறம், அதே சாயலில் மூக்கு, ரோமத்தைவிடச் சற்றே அடர்ந்த கண்கள் என்று, ஒரே கிண்ணத்து வண்ணத்தால் தீட்டி முடித்தாற்போல இருக்கும் அந்த உருவம். அந்த அழகை மட்டும் பார்த்துக் குட்டியை வாங்கி வந்துவிட்டு, எட்டாவது மாதத்திலேயே அதற்கு வேறு வீடு தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். செம்பி என்ற பெட்டை விஸ்லாவோடு பதினோரு ஆண்டுகளாக வாழ்ந்து வருகிற எனக்கு அவர்கள்மேல் கோபம் வருவதில்லை. முதல் ஆண்டில் நானும் அந்த விளிம்புவரை போய் வந்தவன்தான். அப்போது நான் செய்த பிழைகளில் பாதிக்கு மேல், இந்த நாயை நன்றாக ஓட வைத்துவிட்டால் போதும் என்ற ஒரே தவறான எண்ணத்திலிருந்து பிறந்தவை.

இந்த நாய் எதற்காக உருவானது

விஸ்லா ஹங்கேரி நாட்டின் நாய். ஹங்கேரிய மொழியில் 'விஸ்லா' என்ற சொல்லே, இரையை மோப்பத்தால் கண்டுபிடித்து அசையாமல் நின்று காட்டும் வேட்டை நாயைக் குறிக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்த இனம் ஏறக்குறைய அழியும் நிலைக்குப் போய், எஞ்சிய சில நாய்களிலிருந்து மீண்டது. 1950-ல் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டிக்கு முதல் விஸ்லாக்கள் போய்ச் சேர்ந்தன. 1960-ல் அமெரிக்கன் கென்னல் கிளப் இதைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. 1930-களில் ஜெர்மன் கம்பிமுடி பாயின்டரோடு கலந்து உருவாக்கப்பட்ட கம்பிமுடி விஸ்லா தனி இனமாகக் கணக்கிடப்படுகிறது; இங்கே பேசப்படுவது குட்டைமுடி விஸ்லாவைப் பற்றி.

ஒரே நாய் மூன்று வேலைகளைச் செய்ய வேண்டும் என்பதுதான் இந்த இனத்தை உருவாக்கியவர்களின் எதிர்பார்ப்பு: புதரில் ஒளிந்திருக்கும் பறவையைத் தேட வேண்டும், கண்டதும் உறைந்து நின்று சுட்டிக்காட்ட வேண்டும், சுடப்பட்டு விழுந்ததைப் பல் படாமல் கவ்வி வந்து கையில் கொடுக்க வேண்டும். இவை அனைத்தையும் வேட்டைக்காரரை விட்டு வெகுதூரம் போகாமல், அவர் முகத்தை அடிக்கடி திரும்பிப் பார்த்தபடி செய்ய வேண்டும். வேலையின்போது தன்னை நடத்துபவரோடு இடைவிடாத தொடர்பு வைத்திருக்கும் நாய் என்றும், முரட்டுத்தனமாக நடத்தப்படுவதைத் தாங்காத நாய் என்றும் இனத்தின் சர்வதேசத் தரநிலையே சொல்கிறது. குளியலறைக் கதவு வரை பின்னாலேயே வந்து நிற்பதும், சோபாவில் உட்கார்ந்தால் மடியில் சாய்வதும் செல்லம் கொடுத்ததால் வந்த கெட்ட பழக்கங்கள் அல்ல. தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட குணம் வீட்டுக்குள் எடுக்கும் வடிவம் அது.

உடலமைப்பு நடுத்தரமானது. அந்தச் சர்வதேசத் தரநிலைப்படி கடுவன் 58 முதல் 64 சென்டிமீட்டர் உயரமும், பெட்டை 54 முதல் 60 சென்டிமீட்டர் உயரமும் இருக்கும். எடை பொதுவாக 20 முதல் 30 கிலோவுக்குள் அமையும். ஆழமான மார்பு, மெல்லிய தோல், உள்ரோமம் அநேகமாக இல்லாத குட்டையான ரோமம். கருப்பு மூக்கு இந்த இனத்தில் குறையாகக் கருதப்படும். வேட்டையில் முட்செடிகளில் அடிபடாமலிருக்க வாலின் நுனியை நறுக்கும் வழக்கம் இருந்தது. பல நாடுகளில் அது இன்று தடைசெய்யப்பட்டிருக்கிறது.

முதல் படி: நாயைத் தேடுவதற்கு முன் உங்கள் நாளைக் கணக்கிடுங்கள்

வீடு பெரியதா, தோட்டம் இருக்கிறதா என்பது இரண்டாவது கேள்வி. தோட்டத்தில் தனியாக விடப்பட்ட விஸ்லா ஓடி விளையாடுவதில்லை. கதவருகே வந்து உங்களுக்காகக் காத்திருக்கும், அல்லது குழி பறிக்கும். ஒவ்வொரு நாளும், மழை நாளிலும் காய்ச்சல் நாளிலும் சேர்த்து, ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தை வெளியில் செலவிட வீட்டில் யாராவது ஒருவர் இருக்கிறாரா, காலையில் கிளம்பினால் எத்தனை மணி நேரம் வீடு ஆளில்லாமல் கிடக்கும் என்ற இரண்டையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எட்டு மணி நேரம் தனியே இருக்க வேண்டும் என்றால், நாயின் பகல்நேரத் துணைக்கு வேறு ஏற்பாடு செய்ய முடியாதவரை, இந்த இனத்தைத் தவிர்ப்பதே நேர்மை. வீட்டில் கிளி, முயல், கோழி போன்றவை இருந்தால் அவற்றுக்கும் நாய்க்கும் இடையே எப்போதும் ஒரு பூட்டிய கதவு இருக்க வேண்டும். பூனையோடு குட்டியிலிருந்தே வளர்ந்தால் அந்தப் பூனையை ஏற்றுக்கொள்ளும், தெருவில் ஓடும் பூனையை அல்ல.

இரண்டாம் படி: குட்டியைத் தேர்ந்தெடுத்தல்

தாயை நேரில் பார்க்காமல் குட்டியை வாங்கக் கூடாது. புதிய ஆள் வந்ததும் தாய் பதுங்கி ஒதுங்கினால், குட்டிகள் எவ்வளவு துறுதுறுவென்று இருந்தாலும் திரும்பி வந்துவிடுவது நல்லது. பெற்றோர் இருவருக்கும் இடுப்பு மூட்டு எக்ஸ்ரே எடுத்து மதிப்பிடப்பட்ட சான்றிதழ் இருக்கிறதா, கண் பரிசோதனை நடந்ததா என்று கேளுங்கள். வலிப்பு, தசை அழற்சி ஆகிய இரண்டும் இந்த இனத்தில் குடும்ப வழியாக வரக்கூடியவை என்பதால், தாய் தந்தையோடு நிறுத்தாமல் அவற்றின் உடன்பிறப்புகளையும் முந்தைய ஈற்றுக் குட்டிகளையும் பற்றி விசாரிக்க வேண்டும். பொறுப்பான வளர்ப்பாளர் இந்தக் கேள்விகளுக்குச் சலித்துக்கொள்ள மாட்டார். மாறாக, உங்களை அதிகமாகக் கேள்வி கேட்பார். எட்டு வாரம் ஆவதற்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கச் சம்மதிக்காதீர்கள். குட்டியின் கண்கள் நீலமாக இருந்தால் பயப்பட வேண்டாம்; வளர வளர அவை தேன் நிறத்துக்கு மாறிவிடும்.

மூன்றாம் படி: வீட்டில் முதல் இரண்டு மாதம்

உலகம் பாதுகாப்பானது என்று ஒரு நாய்க்குட்டி முடிவு செய்யும் காலம் ஏறக்குறைய மூன்றாவது வாரத்தில் தொடங்கிப் பதினான்காவது வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. எளிதில் மனம் சுருங்கும் இயல்புடைய விஸ்லாவுக்கு இந்தச் சாளரம் மற்ற பல இனங்களைவிட முக்கியமானது. தடுப்பூசித் தொடர் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், குறைந்தது பதினாறாவது வாரம் வரை நீளும் என்பதால், அது முடியும்வரை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தால் சாளரம் மூடிவிடும். பிற நாய்கள் நடமாடும் தரையில் இறக்காமல், கையில் தூக்கிக்கொண்டு போய் வாகன இரைச்சல், குடை, தொப்பி அணிந்தவர், குழந்தைகளின் கூச்சல் ஆகியவற்றைத் தூரத்திலிருந்து காட்டுவதே இதற்கு வழி.

கடித்து விளையாடும் பழக்கம் இந்தக் குட்டிகளிடம் மிக அதிகம். வாயால் தூக்கி வருவதற்கென்றே உருவான நாய் அது. கையைக் கடித்தால் திட்டுவதைவிட, கவ்வத் தகுந்த ஒரு பொருளை வாயில் கொடுப்பது பலன் தரும். மாலை நேரத்தில் கண்மண் தெரியாமல் ஓடிக் கடிக்கும் குட்டி, பத்தில் எட்டு முறை தூக்கம் போதாத குட்டி. ஒரு நாளில் 18 மணி நேரத்துக்குக் குறையாமல் அது தூங்க வேண்டும்.

நான்காம் படி: வயதுக்கேற்ற ஓட்டம்

குட்டியின் எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் முழுமையாக மூடுவதற்கு ஒரு வயதுக்கு மேலும் ஆகலாம். மாத வயதுக்கு ஐந்து நிமிட நடை என்ற ஒரு கணக்கு பரவலாகச் சொல்லப்படுகிறது. நான் அதைக் கடிகாரம் வைத்துப் பின்பற்றியதில்லை. எத்தனை நிமிடம் என்பதைவிட எப்படிப்பட்ட அசைவு என்பதே முக்கியம். புல்தரையில் தன் விருப்பப்படி ஓடி, நின்று, முகர்ந்து, படுத்துக்கொள்ளும் குட்டிக்குக் கேடு குறைவு. கெட்டித் தரையில் வாரின் இழுப்புக்கு ஈடுகொடுத்து ஒரே வேகத்தில் ஓடுவதும், பந்துக்காகத் திரும்பத் திரும்ப எம்பிக் குதித்துத் திரும்புவதும், மாடிப்படிகளில் பாய்ந்து இறங்குவதும் தவிர்க்க வேண்டியவை. சைக்கிளோடு ஓட வைப்பதை ஒன்றரை வயதுவரை தள்ளிப் போடுங்கள்.

வளர்ந்த விஸ்லாவுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வேண்டும். அதில் ஒரு பகுதியாவது வாரில்லாமல், பாதுகாப்பான இடத்தில், தன் வேகத்தில் ஓடுவதாக இருக்க வேண்டும். இங்கேதான் என் பிழையைச் சொல்ல வேண்டும். செம்பிக்கு ஒரு வயதானபோது வீட்டில் அவள் அடங்கவில்லை என்று காலையில் ஒரு மணி நேரம் பந்து எறிந்தேன், போதவில்லை என்று ஒன்றரை மணி நேரமாக்கினேன், மாலையிலும் சேர்த்தேன். இரண்டு மாதத்தில் எனக்குத் தோள் வலி வந்தது, அவளுக்கு இரும்பு போன்ற தொடைகள் வந்தன. ஓட்டப் பந்தய வீரருக்குப் பயிற்சி கொடுப்பதுபோல, ஒவ்வொரு நாளும் அதிகமாகக் கேட்கும் உடலை நானே கட்டி எழுப்பிக்கொண்டிருந்தேன் என்பது தாமதமாகத்தான் புரிந்தது. அவளைத் தேக்கரண்டி அளவு உலர் உணவு தூங்க வைத்தது.

ஐந்தாம் படி: மூக்குக்கு வேலை

அந்தத் தேக்கரண்டி உணவைப் புல்லில் சிதறவிட்டு, வாரைத் தளர்த்தி, எதுவும் பேசாமல் நின்றேன். இருபது நிமிடம் அவள் தலை தரையிலிருந்து எழவில்லை. மூக்குத் துளைகள் வேகமாக விரிந்து சுருங்கும் ஓசை பக்கத்தில் நின்றாலே கேட்டது. வால் முதலில் படபடவென்று ஆடி, மணத்தை நெருங்கும்போது ஆட்டம் சுருங்கி, கண்டுபிடித்த நொடியில் நின்றது. வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் குடித்துவிட்டு மூன்று மணி நேரம் தூங்கினாள்.

மோப்பப் பயிற்சியை இப்படிப் படிப்படியாக உயர்த்தலாம். முதல் வாரத்தில் உணவை நாய் பார்க்கும்படி புல்லில் தூவுங்கள். அடுத்து, அது பார்க்காதபோது அறைக்குள் மூன்று இடங்களில் ஒளித்து வைத்து, 'தேடு' என்ற ஒரே சொல்லைச் சொல்லி உள்ளே விடுங்கள். பிறகு ஒளிக்கும் இடங்களைத் தரையிலிருந்து நாற்காலி உயரத்துக்கும், வீட்டிலிருந்து வெளிக்கும் மாற்றுங்கள். ஒரு மாதத்தில் உணவுக்குப் பதில் துணியால் செய்த ஒரு பொம்மையை ஒளிக்கத் தொடங்கி, அதைக் கவ்வி வந்து கையில் கொடுத்தால் உணவு கொடுக்கும் நிலைக்கு வரலாம். தேடுவதும் கொண்டுவந்து தருவதும் சேர்ந்துவிட்டால், வேட்டைக்கே போகாத வீட்டிலும் நாய் தன் பிறவித் தொழிலைச் செய்துவிடுகிறது.

சுட்டி நிற்பதைக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஐந்து மாதக் குட்டியாக இருந்தபோதே ஒரு நாள் செம்பி நடையின் நடுவே உறைந்து போனாள். ஒரு முன்னங்கால் மடங்கி மார்போடு ஒட்டியிருந்தது, வால் முதுகுக்கு நேராக நீண்டிருந்தது, உதடு மட்டும் லேசாக நடுங்கியது. எதையும் காணாமல் நான் அரை நிமிடம் நின்ற பிறகு, நான்கடி தூரத்துப் புதரிலிருந்து ஒரு காடை விர்ரென்று எழுந்தது. அந்த நேரத்தில் நாயை இழுக்கவோ அதட்டவோ கூடாது. மெதுவாக அருகில் போய், பக்கவாட்டில் தடவிக்கொடுத்து, பிறகு வாரைப் பிடித்து வேறு பக்கம் அழைத்துச் செல்ல வேண்டும். பறவைகள் தரையில் கூடு கட்டும் பருவத்தில் இத்தகைய இடங்களில் நாயை வாரிலேயே வைத்திருப்பது கடமை.

ஆறாம் படி: ஓய்வைப் பழக்குதல்

இதை எழுதாத வழிகாட்டிகள்தான் அதிகம். விஸ்லாவுக்குத் தானாக அணையத் தெரியாது. யாராவது அசைந்தால் எழும், எழுந்தால் பின்தொடரும். ஒரு பாயையோ மெத்தையையோ அதற்கென்று ஒதுக்கி, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அது படுத்திருக்கும்போது மட்டும் ஓசையில்லாமல் ஒரு சிறு துண்டு உணவை முன்னங்கால்களுக்கு இடையே வையுங்கள். புகழ்ந்து பேசினால் எழுந்துவிடும். தலையைத் தரையில் வைத்தால் ஒன்று, பெருமூச்சு விட்டு இடுப்பைச் சாய்த்தால் இன்னொன்று என்று இடைவெளியை நீட்டிக்கொண்டே போகலாம். நாளுக்குப் பத்து நிமிடம் என்று தொடங்கினால், ஆறு வாரத்தில் பாயைக் கண்டாலே உடல் தளர்வதைக் காணலாம்.

தனிமைப் பயிற்சியும் இதன் நீட்சிதான். கதவை மூடி முப்பது விநாடியில் திரும்பி வருவதில் தொடங்கி, ஐந்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று போக வேண்டும். நாய் ஊளையிடத் தொடங்குவதற்கு முன்பே திரும்பிவிடுவதுதான் இதில் உள்ள சூட்சுமம். வாயில் நீர் வழிவது, கதவைப் பிறாண்டுவது, விட்டுப்போன உணவைத் தொடாமலிருப்பது ஆகியவை பிடிவாதத்தின் அடையாளங்கள் அல்ல, பீதியின் அடையாளங்கள். அப்படி நேர்ந்தால் நேரத்தைப் பாதியாகக் குறைத்து மீண்டும் தொடங்குங்கள்.

ஏழாம் படி: விசிலுக்குத் திரும்பி வருதல்

காற்றில் ஒரு மணம் பட்டுவிட்டால் உங்கள் குரல் அதற்கு எட்டாது. குரலில் கோபமும் பதற்றமும் கலந்துவிடும், விசிலில் அவை கலப்பதில்லை. பத்து நாட்களுக்கு, உணவுக் கிண்ணத்தை வைப்பதற்கு ஒரு நொடி முன்பு ஒரே மாதிரியான விசிலை ஊதுங்கள். அதன் பிறகு பத்து மீட்டர் நீளக் கயிற்றில் கட்டி வெளியில் பயிற்சி செய்யுங்கள். அந்தக் கயிற்றைக் கழுத்துப்பட்டையில் மாட்டாமல் மார்புப் பட்டையில் மாட்ட வேண்டும். திரும்பி வந்தவுடனே வாரை மாட்டி வீட்டுக்குக் கிளம்பும் பழக்கம் வைத்தால், விசில் என்பது விளையாட்டின் முடிவு என்று அது கற்றுக்கொள்ளும். பத்தில் ஒன்பது முறை வந்ததும் நல்ல உணவு கொடுத்து மீண்டும் ஓட விடுங்கள். தாமதமாக வந்ததற்காக அடித்தால் அடுத்த முறை வரவே வராது. இந்த இனம் ஒரு அதட்டலை நாட்கணக்கில் நினைவில் வைத்திருக்கும்.

எட்டாம் படி: உணவு

இருபத்தைந்து கிலோ எடையுள்ள நாய் அசையாமல் கிடப்பதற்கே நாளொன்றுக்குச் சுமார் 780 கிலோகலோரி வேண்டும். வீட்டில் சாதாரணமாக ஓடியாடும் விஸ்லாவுக்கு 1,250 முதல் 1,400 கிலோகலோரி என்று தொடங்கி, உடலைப் பார்த்துக் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். நாள் முழுவதும் வேட்டைக் களத்தில் ஓடும் நாய்க்கு இதைப்போல் இருமடங்கும் தேவைப்படலாம். கடைசி விலா எலும்புகள் இரண்டு லேசாகத் தெரிவது இந்த இனத்தில் இயல்பு. 'சாப்பாடு போடுவதில்லையா' என்று வழியில் கேட்பவர்களுக்காக அளவைக் கூட்ட வேண்டாம். முதுகெலும்பும் இடுப்பெலும்பும் துருத்திக்கொண்டு தெரிந்தால்தான் கூட்ட வேண்டும்.

குட்டிக்கு ஆறு மாதம்வரை நாளுக்கு மூன்று அல்லது நான்கு வேளை, பிறகு இரண்டு வேளை. ஆழமான மார்புள்ள நாய்களுக்கு இரைப்பை காற்றால் உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு என்பதால், ஒரே வேளையாகக் கொட்டிக் கொடுக்காமலும், உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது ஓட விடாமலும் இருங்கள். வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வராமல் நாய் தவித்தால், அது சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும் அவசரநிலை. சாக்லேட், திராட்சை, உலர் திராட்சை, வெங்காயம், பூண்டு, சைலிட்டால் சேர்த்த இனிப்புகள் ஆகியவை எக்காலத்திலும் கூடாது.

ஒன்பதாம் படி: உடல் பராமரிப்பும் பருவநிலையும்

ரோமத்துக்கு அதிக வேலையில்லை. வாரம் ஒருமுறை ரப்பர் சீப்பால் தேய்த்து, சேற்றில் புரண்டால் மட்டும் குளிப்பாட்டினால் போதும். காதுமடல் தொங்குவதால் வாரம் ஒருமுறை உள்ளே பார்த்து முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை வந்தால் தொற்று. புல்வெளியில் ஓடிவந்த நாளில் விரல் இடுக்குகளையும் காதுகளையும் அக்குளையும் தடவி, ஒட்டிய புல்விதைகளையும் உண்ணிகளையும் எடுத்துவிட வேண்டும். கூரான புல்விதை தோலைத் துளைத்து உள்ளே நகர்ந்து சீழ்பிடிக்கும். பல் துலக்க நாய்களுக்கான பசையை மட்டும் பயன்படுத்துங்கள்.

உள்ரோமம் இல்லாத உடல் குளிரைத் தாங்காது, வெளியே கட்டிவைத்து வளர்க்கவும் ஏற்றதல்ல. வெயிலிலோ அது தானாக நிற்கத் தெரியாமல் ஓடும். புறங்கையை ஏழு விநாடி தரையில் வைக்க முடியாவிட்டால் நாயும் நடக்கக் கூடாது. நாக்கு அகன்று தடித்து, கண்கள் நிலைகுத்தி, நடை தள்ளாடினால் முதலில் நிழலில் வைத்து உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றிக் காற்று வீசச் செய்து, அதன் பிறகே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் ஒவ்வொரு நிமிடமும் உறுப்புகளைச் சேதப்படுத்தும்.

பத்தாம் படி: இந்த இனத்துக்குரிய நோய்களைக் கவனித்தல்

இடுப்பு மூட்டுக் கோளாறு, வலிப்பு, தைராய்டு குறைபாடு ஆகியவை பல இனங்களுக்கும் பொதுவானவை. விஸ்லா வளர்ப்பவர் தனியாக அறிந்திருக்க வேண்டியது, உடலின் எதிர்ப்பாற்றலே தசைகளைத் தாக்கும் தசை அழற்சி நோய். தொடக்கத்தில் எச்சில் அதிகமாக வழியும், தண்ணீர் குடிக்கும்போது விழுங்கச் சிரமப்பட்டுச் சில நேரம் மூக்கு வழியே வெளியேறும், பிறகு கண்ணுக்கு மேலே நெற்றிப் பொட்டுகள் இரண்டும் குழி விழுந்தாற்போல் ஒடுங்கும். பல் வலி என்று எண்ணி நாட்களைக் கடத்தாமல், இந்த நோயின் பெயரைச் சொல்லியே மருத்துவரிடம் கேளுங்கள். எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை விரைவில் தொடங்கினால் நல்ல பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம். நாய் நலமாக இருக்கும்போதே அதன் தலையை முன்புறமிருந்து ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் பின்னர் ஒப்பிட உதவும். ரோமம் வட்ட வட்டமாக உதிர்ந்து பொடுகுபோல் செதில்கள் தெரிந்தால், எண்ணெய்ச் சுரப்பிகளின் அழற்சியைச் சந்தேகிக்கலாம்.

கருத்தடை செய்வதில் அவசரம் வேண்டாம். 2,505 விஸ்லாக்களின் விவரங்களை உரிமையாளர்களிடம் கேட்டுத் தொகுத்து 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், கருத்தடை செய்யப்பட்ட நாய்களிடம் சிலவகைப் புற்றுநோய்களும் இடியோசைப் பயமும் அதிகமாகக் காணப்பட்டன. உரிமையாளர்களின் பதில்களை நம்பிய ஆய்வு என்பதால் அதையே இறுதி முடிவாகக் கொள்ள முடியாது. ஆனாலும் முழு வளர்ச்சி அடையும்வரை காத்திருந்து, மருத்துவரோடு பேசி முடிவெடுப்பதற்கு அது போதிய காரணம்.

பதினொன்றாம் படி: முதுமைக்கு இளமையிலேயே ஏற்பாடு

நன்றாகப் பராமரித்தால் விஸ்லா 12 முதல் 14 ஆண்டுகள் வாழும். பத்து வயதுக்கு மேல் ஓட்டத்தைப் பல சிறு நடைகளாகப் பிரித்து, வழுக்கும் தரையில் பாய் விரித்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். காது மந்தமாவது மெதுவாக நடப்பதால் பலரும் கவனிப்பதில்லை. 'வா', 'உட்கார்', 'நில்' என்ற மூன்றுக்கும் கைச் சைகைகளை இரண்டு வயதிலேயே சேர்த்துப் பழக்கியிருந்தால் அப்போது புதிதாக எதையும் கற்பிக்க வேண்டியிராது. செம்பிக்கு விசில் கேட்பது இப்போது குறைந்துவிட்டது. கையை உயர்த்தினால் வருகிறாள். மாலையில் சிதறவிடும் அந்தத் தேக்கரண்டி உணவில் ஒன்றைக்கூட அவள் மூக்கு தவறவிடுவதில்லை, இருபது நிமிடத்துக்குப் பதிலாக நாற்பது நிமிடம் ஆகிறது.